வீட்டு ஃபைல் சர்வர் திறக்க மாட்டேன் என்கிறதா? கீழிருந்து மேலே தேடுங்கள்

பழைய லேப்டாப்பில் டெபியன், உபுண்டு மாதிரி ஒரு லினக்ஸைப் போட்டு, விண்டோஸோடு ஃபைல்களைப் பகிர உதவும் சாம்பா என்ற மென்பொருளை நிறுவி, ஒரு ஹார்டு டிஸ்க்கைச் செருகினால் வீட்டுக்கு ஒரு ஃபைல் சர்வர் தயார். நிறுவும் வேலை சீக்கிரமே முடிந்துவிடும். சிக்கல் அதற்கப்புறம்தான் ஆரம்பிக்கிறது. விண்டோஸில் போய்த் திறந்தால் பாதை கிடைக்கவில்லை என்கிறது, கிடைத்தால் பாஸ்வேர்டு தவறு என்கிறது, பாஸ்வேர்டும் சரியாகி ஃபோல்டர் திறந்துவிட்டால் அதில் ஒரு ஃபைலைக்கூடப் போட முடிவதில்லை. உடனே இணையத்தில் தேடி, கண்ணில் பட்ட நாலைந்து தீர்வுகளை ஒரே நேரத்தில் செட்டிங் ஃபைலில் ஒட்டி, எது எதைக் கெடுத்தது என்றே தெரியாமல் போய், கடைசியில் எல்லாருக்கும் எல்லா அனுமதியும் கொடுக்கிற 777-இல் போய் நிற்கிறவர்கள் நிறையப் பேர்.

அந்த 777-இல் யாரும் போய் நிற்கக்கூடாது என்பதற்காகவே இதை எழுதுகிறேன். குடும்பப் படங்கள், பத்திர நகல்கள், பிள்ளைகளின் சான்றிதழ்கள் எல்லாம் இருக்கப்போகிற இடம் அது. சாம்பா எதற்காக அடம் பிடிக்கிறது என்று கண்டுபிடித்துச் சரிசெய்வது அப்படியொன்றும் கஷ்டமில்லை, வரிசை தவறாமல் தேட வேண்டும், அவ்வளவுதான். முதலில் மெஷினும் கேபிளும், அப்புறம் ஐபி முகவரி, அப்புறம் போர்ட், அப்புறம் யூசர், அப்புறம் ஃபோல்டர் அனுமதி, கடைசியில் டிஸ்க். கீழே இருப்பது சரி என்று உறுதியாகாமல் மேலே போகாதீர்கள், ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள்.

தனியாக நிற்கிற சர்வர் என்றால்

அலுவலகங்களில் எல்லா யூசர்களின் பெயரும் பாஸ்வேர்டும் ஒரு மத்திய சர்வரில் இருக்கும், மற்ற மெஷின்கள் அதைக் கேட்டுக்கொள்ளும். வீட்டில் அப்படி எதுவும் இல்லை. உங்கள் சாம்பா சர்வர் யாரையும் கேட்காது, தன்னிடம் உள்ள பட்டியலை மட்டுமே பார்க்கும். விண்டோஸில் நீங்கள் உள்ளே நுழையப் பயன்படுத்தும் மைக்ரோசாஃப்ட் கணக்கும் அந்த நாலு இலக்கப் பின் எண்ணும் இந்த சர்வருக்குத் தெரியவே தெரியாது. பாஸ்வேர்டு கேட்கும்போது அவற்றை அடித்துப் பார்த்துவிட்டு சர்வர் கெட்டுவிட்டது என்று முடிவு கட்டுபவர்கள் அதிகம், அதனால்தான் முதலிலேயே சொல்லிவிடுகிறேன். சாம்பாவின் செட்டிங் ஃபைலில் சர்வர் ரோல் என்ற வரியில் ஸ்டாண்ட்அலோன் சர்வர் என்று இருக்க வேண்டும், டெபியனிலும் உபுண்டுவிலும் நிறுவும்போதே அப்படித்தான் வரும், அதைத் தொட வேண்டாம்.

மெஷின் விழித்திருக்கிறதா?

கேட்கவே சங்கடமான கேள்விதான், ஆனால் லேப்டாப்பை சர்வராக்கினால் முதல் சந்தேகம் மூடி மேல்தான். மூடியை மூடி அலமாரியில் வைத்ததும் அது தூங்கிவிடும், சர்வர் காணாமல் போய்விடும். இடிசி ஃபோல்டருக்குள் சிஸ்டம்டி ஃபோல்டரில் லாகின்டி டாட் கான்ஃப் என்ற ஃபைல் இருக்கும், அதில் ஹேண்டில்லிட்ஸ்விட்ச் என்ற வரியின் முன்னால் உள்ள ஹேஷ் குறியை எடுத்துவிட்டு அதன் மதிப்பை இக்னோர் என்று மாற்றி, மெஷினை ஒரு முறை ரீஸ்டார்ட் செய்யுங்கள். லேப்டாப்பில் ஒரு நல்ல விஷயம் அதன் பேட்டரி. கரண்ட் போனாலும் சர்வர் சட்டென்று செத்துவிடாது, எழுதிக்கொண்டிருந்த ஃபைல் பாதியில் நிற்காது. ஆனால் வெளியே தனி அடாப்டரில் ஓடும் பெரிய டிஸ்க்கை மாட்டியிருந்தால் இந்தப் பாதுகாப்பு கிடையாது, அதற்குச் சின்ன யூபிஎஸ் வேண்டும்.

அடுத்தது கேபிள். சர்வரை வைஃபையில் வைக்காதீர்கள். போன், டிவி வைஃபையில் இருக்கலாம், சர்வர் ரவுட்டரோடு கேபிளில்தான் இருக்க வேண்டும்.

சர்வரின் டெர்மினலில் ஐபி என்று அடித்து, ஒரு இடைவெளி விட்டு ஏ என்று அடித்தால் முகவரி தெரியும். பெரும்பாலான வீடுகளில் அது 192.168 என்று தொடங்கும். 169.254 என்று தொடங்கினால் ரவுட்டரிடமிருந்து முகவரியே கிடைக்கவில்லை என்று அர்த்தம், கேபிளையோ ரவுட்டரையோ பாருங்கள், சாம்பாவைப் பற்றி இப்போதைக்கு யோசிக்கவே வேண்டாம். அதே மாதிரி விண்டோஸில் கட்டளைத் திரையைத் திறந்து ஐபிகான்ஃபிக் என்று அடித்து அதன் முகவரியையும் பாருங்கள். மூன்றாவது எண் இரண்டிலும் ஒன்றாக இருக்கிறதா என்பதுதான் கேள்வி. சர்வர் 192.168.1.20, லேப்டாப் 192.168.0.15 என்று இருந்தால் இரண்டும் வேறு வேறு வலைப்பின்னலில் உட்கார்ந்திருக்கின்றன. ஃபைபர் கனெக்‌ஷனோடு வந்த ரவுட்டர் ஒன்று, மாடிக்கு சிக்னல் வரவில்லை என்று நீங்களே வாங்கி மாட்டிய ரவுட்டர் இன்னொன்று, இப்படி இரண்டு இருக்கும் வீடுகளில் இது சகஜம். இரண்டாவது ரவுட்டரை ஆக்சஸ் பாயிண்ட் மோடுக்கு மாற்றிவிட்டால் எல்லாம் ஒரே வலைப்பின்னலுக்கு வந்துவிடும். கெஸ்ட் வைஃபையில் சேர்ந்திருக்கும் போனுக்கும் சர்வர் தெரியாது, அந்த கெஸ்ட் வைஃபை இருப்பதே வீட்டு மெஷின்களைப் பார்க்க விடாமல் இருப்பதற்குத்தான்.

முகவரி சரி என்றால், ரவுட்டரின் பக்கத்தில் டிஎச்சிபி ரிசர்வேஷன் என்ற இடத்தில் சர்வரின் மேக் முகவரியைக் கொடுத்து அந்த ஐபியை அதற்கே நிரந்தரமாக ஒதுக்கிவிடுங்கள் (மேக் முகவரி என்பது நெட்வொர்க் கார்டுக்கே உள்ள தனி அடையாள எண்). இதைச் செய்யாவிட்டால் நேற்று வரை நன்றாக வேலை செய்த சர்வர் ஒரு கரண்ட் கட்டுக்கு அப்புறம் திடீரென்று கிடைக்காமல் போகும், நீங்கள் சாம்பாவைக் குறை சொல்லிக்கொண்டிருப்பீர்கள்.

சர்வருக்குள்ளேயே ஒரு சோதனை

இந்த ஒரு சோதனையைப் பாதிப் பேர் செய்வதில்லை, நிறைய நேரத்தை மிச்சப்படுத்துவது இதுதான். விண்டோஸ் பக்கம் போவதற்கு முன்னால் சர்வரிலேயே உட்கார்ந்து, அதே சர்வரின் ஷேரை, அதாவது சாம்பா வழியாகப் பகிர்ந்திருக்கும் ஃபோல்டரை, திறந்து பாருங்கள்.

முதலில் டெஸ்ட்பார்ம் என்று அடியுங்கள். செட்டிங் ஃபைலை அது வரி வரியாகப் படித்துப் பார்க்கும், எழுத்துப்பிழையோடு ஏதாவது இருந்தால் தெரியாத பாராமீட்டர் என்று அந்த வார்த்தையைக் காட்டும். சாம்பா புரியாத வரியை அமைதியாகத் தாண்டிப் போய்விடும் என்பதால் இது முக்கியம், ஒரு எழுத்து தவறினாலும் நீங்கள் போட்ட அந்த வரி இல்லாத மாதிரிதான் சர்வர் நடந்துகொள்ளும். பிழை இல்லை என்றால் சாம்பாவை ரீஸ்டார்ட் செய்யுங்கள்.

அப்புறம் எஸ்எம்பிகிளையன்ட் என்ற கட்டளை. டெபியனில் அது தனியாக நிறுவ வேண்டிய பொட்டலம். ஹைஃபன் பெரிய எல், அடுத்து லோக்கல்ஹோஸ்ட், அப்புறம் ஹைஃபன் பெரிய யூ, அதன்பின் உங்கள் யூசர் பெயர் என்று கொடுத்தால் பாஸ்வேர்டு கேட்டு, ஷேர்களின் பட்டியலைக் காட்டும். பட்டியல் வந்தால் சாம்பா ஓடுகிறது என்று தெரிந்துவிட்டது. நீங்கள் கொடுத்த பெயர் சாம்பாவின் பட்டியலில் இருந்தால் பாஸ்வேர்டும் சரி, இல்லாத பெயரென்றால் விருந்தாளியாக உள்ளே விட்டிருக்கலாம், அதைக் கீழே சொல்கிறேன். இனி விண்டோஸில் திறக்காவிட்டால் குற்றம் இடையில் இருக்கும் வலைப்பின்னலிலோ விண்டோஸிலோதான். பட்டியல் வரவில்லை என்றால் விண்டோஸில் எதை மாற்றினாலும் பயனில்லை, சர்வரிலேயே வேலை மிச்சமிருக்கிறது.

போர்ட் 445

போர்ட் என்பது சர்வருக்குள் நுழையும் எண்ணிட்ட வாசல் மாதிரி, சாம்பா பேசுவது 445 என்ற டிசிபி போர்ட்டில். விண்டோஸில் பவர்ஷெல்லைத் திறந்து டெஸ்ட், ஒரு ஹைஃபன், நெட்கனெக்‌ஷன் என்று சேர்த்து அடித்து, சர்வரின் ஐபியைக் கொடுத்து, கடைசியில் ஹைஃபன் போர்ட் 445 என்று முடியுங்கள். டிசிபி டெஸ்ட் சக்சீடட் என்ற வரியில் ட்ரூ என்று வந்தால் வழி திறந்திருக்கிறது. ஃபால்ஸ் என்று வந்து, சர்வருக்குள் செய்த சோதனை மட்டும் ஜெயித்திருந்தால் பெரும்பாலும் சர்வரின் ஃபயர்வால்தான் காரணம். உபுண்டுவில் யூஎஃப்டபிள்யூ என்ற ஃபயர்வால் ஓடிக்கொண்டிருந்தால் அதற்கு அலவ் சாம்பா என்று ஒரு கட்டளை கொடுத்தால் போதும். ஃபயர்வாலை மொத்தமாக அணைத்து வைத்துவிட்டு மறந்துபோகாதீர்கள்.

இங்கே ஒரு விஷயத்தைப் பிரித்துப் பார்க்க வேண்டும். விண்டோஸின் நெட்வொர்க் பக்கத்தில் சர்வரின் பெயர் தெரிவது வேறு, சர்வரைத் திறக்க முடிவது வேறு. பெயர் தெரியவில்லை என்பதற்காக சர்வர் வேலை செய்யவில்லை என்று ஆகாது. முன்பெல்லாம் அந்தப் பட்டியல் எஸ்எம்பி 1 என்ற பழைய ஃபைல் பகிர்வு முறையை நம்பி இருந்தது, 2017-இல் வந்த விண்டோஸ் 10-இன் 1709 பதிப்பிலிருந்து புதிதாக நிறுவும்போது அது வருவதில்லை. எஸ்எம்பி 1-ஐத் திரும்ப ஆன் செய்யுங்கள் என்று சொல்லும் பழைய வீடியோக்கள் இன்னும் சுற்றிக்கொண்டிருக்கின்றன, தயவுசெய்து செய்யாதீர்கள். அதே 2017 மே மாதத்தில் உலகம் முழுக்கப் பரவிய வான்னாக்ரை, எஸ்எம்பி 1-இன் ஓட்டை வழியாகத்தான் மெஷினுக்கு மெஷின் தாவியது. எக்ஸ்ப்ளோரரின் முகவரிப் பட்டையில் இரண்டு பின்சாய்கோடு போட்டு ஐபியை நேராக அடித்து என்டர் தட்டுங்கள், பட்டியலில் பெயர் இல்லாவிட்டாலும் திறக்கும். பெயரும் தெரியவேண்டும் என்றால் டபிள்யூஎஸ்டிடி என்ற சின்னப் புரோகிராமை சர்வரில் நிறுவினால் போதும், விண்டோஸ் 10, 11 இரண்டும் அதைக் கேட்டுக்கொள்ளும். ஆப்பிளின் மேக் கம்ப்யூட்டர் இருக்கும் வீட்டில் இதே வேலையை அவாஹி என்ற புரோகிராம் செய்யும்.

பிழை எண்ணை வாங்குங்கள்

விண்டோஸ் எக்ஸ்ப்ளோரர் காட்டும் செய்திகள் மழுப்பலாக இருக்கும். கட்டளைத் திரையில் நெட் யூஸ் என்று அடித்து, இரண்டு பின்சாய்கோடு, ஐபி, ஒரு பின்சாய்கோடு, ஷேர் பெயர் என்று கொடுத்தால் ஒரு எண்ணோடு பதில் வரும். அந்த எண் எந்தப் படியில் சிக்கல் என்று சொல்லிவிடும்.

53 வந்தால் சர்வரையே தொட முடியவில்லை, போர்ட்டுக்கும் கேபிளுக்கும் திரும்புங்கள், எக்ஸ்ப்ளோரரில் 0x80070035 என்று வருவதும் இதுதான். 67 வந்தால் பெரும்பாலும் சர்வர் கிடைத்துவிட்டது, அந்தப் பெயரில் ஷேர் இல்லை, அல்லது ஷேர் காட்டும் ஃபோல்டர் சர்வரில் இல்லை. 86 அல்லது 1326 என்றால் யூசரோ பாஸ்வேர்டோ தவறு. 5 என்றால் நீங்கள் யாரென்று சர்வருக்குத் தெரிகிறது, ஆனால் அனுமதி இல்லை. 1219 ஒரு விசித்திரம், அதைக் கீழே சொல்கிறேன்.

பாஸ்வேர்டு ஏற்க மாட்டேன் என்கிறது

சாம்பா சர்வரில் ஒரு ஆளுக்கு இரண்டு இடத்தில் பதிவு வேண்டும். லினக்ஸில் ஒரு யூசர், சாம்பாவின் சொந்தப் பட்டியலில் அதே பெயரில் ஒரு பதிவு. லினக்ஸில் யூசரை உருவாக்கினால் சாம்பாவில் தானாக வராது, புதியவர்கள் அடிக்கடி தடுக்கிவிழும் இடம் இதுதான். சாம்பாவில் சேர்க்கும் கட்டளை எஸ்எம்பிபாஸ்வேர்டு, ஆனால் பாஸ்வேர்டு என்பதை ஆங்கிலத்தில் ஓ, ஆர் என்ற இரண்டு எழுத்துகள் இல்லாமல் சேர்த்து அடிக்க வேண்டும், அதோடு ஹைஃபன் ஏ, அப்புறம் யூசர் பெயர். பதிவைச் சேர்க்க முடியவில்லை என்று பிழை வந்தால் லினக்ஸில் அந்தப் பெயரில் ஆள் இல்லை என்று அர்த்தம், முதலில் அங்கே உருவாக்கிவிட்டு வாருங்கள். யார் யார் சாம்பாவின் பட்டியலில் இருக்கிறார்கள் என்று பார்க்க பிடிபிஎடிட் என்ற கட்டளைக்கு ஹைஃபன் பெரிய எல் கொடுங்கள்.

பாஸ்வேர்டு கேட்கும் பெட்டியே வராமல் நேராக அனுமதி மறுப்பு வருகிறதா? இது டெபியன், உபுண்டு வைத்திருப்பவர்களைக் குழப்பும் சிக்கல், எனவே கொஞ்சம் நிதானமாகப் பார்ப்போம். நீங்கள் ஷேரைத் திறந்ததும் விண்டோஸ் உங்களைக் கேட்காமலே, நீங்கள் விண்டோஸில் நுழைந்திருக்கும் பெயரை சர்வருக்கு அனுப்பிப் பார்க்கும். அந்தப் பெயர் சர்வரில் இல்லை. மேப் டு கெஸ்ட் என்ற வரி பேட் யூசர் என்று இருந்தால், சாம்பா தவறான பெயர் என்று சொல்லாது, சரி, விருந்தாளியாக உள்ளே வா என்று விட்டுவிடும். விண்டோஸும் நுழைந்துவிட்டோம் என்று நினைத்து பாஸ்வேர்டு கேட்பதை நிறுத்திவிடும். அப்புறம் ஷேர் விருந்தாளியை விடுவதில்லை, கதவு மூடிக்கொள்கிறது. அல்லது விண்டோஸே விருந்தாளி நுழைவை மறுத்து, உங்கள் நிறுவனத்தின் பாதுகாப்புக் கொள்கை தடுக்கிறது என்று சொல்லும், வீட்டில் ஏது நிறுவனம் என்று திகைத்துப்போவோம். விண்டோஸ் 11-இன் 24எச்2 பதிப்பிலிருந்து ப்ரோ மெஷின்களிலும் இந்தக் கண்டிப்பு உண்டு.

இதற்கு விண்டோஸின் கண்டிப்பைத் தளர்த்தும் வழிகளையே பலரும் சொல்வார்கள். எனக்கு அதில் உடன்பாடில்லை. சர்வரில் மேப் டு கெஸ்ட் வரியை நெவர் என்று மாற்றுங்கள், வீட்டில் ஒவ்வொருவருக்கும் ஒரு யூசர் உருவாக்குங்கள், முடிந்தது. பெட்டி தானாக வரும். டிரைவாக மேப் செய்யும்போது வேறு விவரங்களைக் கொண்டு இணை என்ற பெட்டியில் டிக் போட்டுவிட்டு சர்வரின் யூசர் பெயரைக் கொடுக்கலாம். அந்தப் பெயருக்கு முன்னால் சர்வரின் பெயரும் ஒரு பின்சாய்கோடும் சேர்த்துக் கொடுத்தால் விண்டோஸ் தன் மைக்ரோசாஃப்ட் கணக்கைக் கொண்டுவந்து குழப்பாது.

இப்போது 1219. ஒரு விண்டோஸ் மெஷின் ஒரு சர்வரோடு ஒரு நேரத்தில் ஒரு யூசராக மட்டுமே பேசும். நீங்கள் முன்பு வேறு பெயரில் இணைந்திருந்தால், அந்த இணைப்பு பின்னால் இன்னும் உயிரோடு இருக்கும், புதுப் பெயரை ஏற்காது. நெட் யூஸ், ஒரு நட்சத்திரக் குறி, முன்சாய்கோடு போட்டு டிலீட் என்று அடித்து எல்லாவற்றையும் துண்டியுங்கள், கண்ட்ரோல் பேனலில் கிரெடன்ஷியல் மேனேஜரைத் திறந்து சர்வரின் பெயரிலோ ஐபியிலோ சேமித்து வைத்திருக்கும் பழைய பாஸ்வேர்டையும் அழியுங்கள், அப்புறமும் அடம் பிடித்தால் விண்டோஸிலிருந்து ஒரு முறை சைன் அவுட் செய்துவிட்டு வாருங்கள். பாஸ்வேர்டை மாற்றிய பிறகு சரியாக அடித்தாலும் ஏற்கவில்லை என்னும் புகாரில் பாதி இந்தச் சேமித்து வைத்த பழைய பாஸ்வேர்டால் வருவது.

திறக்கிறது, ஆனால் எழுத முடியவில்லை

இங்கே இரண்டு காவல் இருக்கிறது. சாம்பாவின் செட்டிங் தெருக்கதவுச் சாவி என்றால் லினக்ஸின் ஃபோல்டர் அனுமதி பீரோச் சாவி, இரண்டும் இருந்தால்தான் பொருளை எடுக்க வைக்க முடியும்.

தெருக்கதவு சுலபம். சாம்பாவில் நீங்கள் எதுவும் சொல்லாவிட்டால் ஒவ்வொரு ஷேரும் படிக்க மட்டும்தான். ஷேரின் பகுதியில் ரீட் ஒன்லி என்ற வரிக்கு நோ என்று கொடுக்க வேண்டும்.

பீரோதான் ஆட்களைச் சோர்வடைய வைக்கும். முதலில் சர்வரில் அந்த யூசராகவே மாறி ஒரு ஃபைல் உருவாக்கிப் பாருங்கள். சூடோ, ஹைஃபன் யூ, யூசர் பெயர், அப்புறம் டச், அப்புறம் ஷேர் ஃபோல்டருக்குள் ஒரு புது ஃபைலின் பாதை. இங்கேயே அனுமதி மறுப்பு வந்தால் சாம்பாவுக்கும் இதற்கும் சம்பந்தமே இல்லை, லினக்ஸ் அனுமதிதான். பாதையில் எந்த இடத்தில் தடை என்று பார்க்க, நேம் என்ற சொல்லோடு ஐ என்ற எழுத்தை ஒட்டி ஒரு கட்டளை இருக்கிறது, ஹைஃபன் எல் சேர்த்து பாதையைக் கொடுத்தால் மேலிருந்து ஒவ்வொரு ஃபோல்டரின் உரிமையாளரையும் அனுமதியையும் ஒவ்வொரு வரியாகக் காட்டும். உங்கள் ஷேர் ஃபோல்டரின் அனுமதி சரியாக இருந்தும், அதற்கு மேலே இருக்கும் ஃபோல்டர் ஒன்றில் உள்ளே நுழையும் உரிமை, அதாவது எக்ஸ் எழுத்து, இல்லாமல் இருக்கலாம். ஹோம் ஃபோல்டருக்குள்ளோ, டெஸ்க்டாப் தானாக டிஸ்க்கை ஏற்றும் மீடியா ஃபோல்டருக்குள்ளோ ஷேர் வைத்தால் இதுதான் நடக்கும். புதிய உபுண்டுவில் ஒருவருடைய ஹோமுக்குள் இன்னொருவர் நுழையவே முடியாது. அதனால் எஸ்ஆர்வி என்ற ஃபோல்டருக்குக் கீழே ஷேரை வையுங்கள், இப்படிப் பகிரும் சரக்குக்கென்றே லினக்ஸில் உள்ள இடம் அது.

அனுமதியைக் கொடுக்கும் நல்ல முறை இது. ஃபேமிலி என்று ஒரு குரூப் உருவாக்குங்கள், வீட்டில் உள்ளவர்களை அதில் சேருங்கள், ஷேர் ஃபோல்டரின் குரூப்பை ஃபேமிலி என்று மாற்றி அதற்கு 2770 கொடுங்கள். முன்னால் நிற்கும் அந்த 2-இன் வேலை, உள்ளே புதிதாக உருவாகும் எல்லாமே ஃபேமிலி குரூப்புக்கே சேரும்படி பார்த்துக்கொள்வது. சாம்பாவில் அந்த ஷேருக்கு வேலிட் யூசர்ஸ் வரியில் அட் குறியோடு ஃபேமிலி, ஃபோர்ஸ் குரூப் வரியில் ஃபேமிலி, கிரியேட் மாஸ்க் 0660, டைரக்டரி மாஸ்க் 2770. இந்த மாஸ்க் வரிகளை விட்டுவிட்டால் என்ன ஆகும் தெரியுமா? அப்பா போட்ட ஃபைலை அம்மாவால் திறக்க முடியும், திருத்திச் சேமிக்க முடியாது. எல்லாம் நன்றாக ஓடிக்கொண்டிருக்கும்போது ஒரு வாரம் கழித்து வரும் புகார் இது, வந்த பிறகு பழைய ஃபைல்களுக்கும் அனுமதியைக் கையால் மாற்ற வேண்டியிருக்கும். ஒருவரைக் குரூப்பில் புதிதாகச் சேர்த்தால் அவர் இணைப்பைத் துண்டித்துவிட்டுத் திரும்ப வர வேண்டும், பழைய இணைப்புக்குப் புது உரிமை கிடைக்காது. ஃபெடோரா என்ற வேறு லினக்ஸ் போட்டிருப்பவர்களுக்கு மட்டும் செலினக்ஸ் என்று மூன்றாவதாக ஒரு காவல் உண்டு, ஷேர் ஃபோல்டருக்கு சாம்பா ஷேர் என்ற லேபிள் வைக்க வேண்டும்.

நேற்று இருந்த ஃபைல்கள் இன்று இல்லை

ஷேர் திறக்கிறது, உள்ளே ஒன்றுமே இல்லை. நெஞ்சு அடைத்துப்போகும். பதறாதீர்கள், முக்கால்வாசி நேரம் ஃபைல்கள் எங்கும் போகவில்லை, டிஸ்க் ஏற்றப்படவில்லை, அதாவது அதற்கான ஃபோல்டரோடு இணைக்கப்படவில்லை (மவுன்ட் ஆகவில்லை). ரீஸ்டார்ட் ஆனபோது வெளி டிஸ்க் தாமதமாக விழித்திருக்கும், அதைப் பொருத்தவேண்டிய ஃபோல்டர் வெறுமையாக நிற்கிறது, சாம்பா அந்த வெற்று ஃபோல்டரைக் காட்டுகிறது. எல்எஸ்பிஎல்கே என்ற கட்டளையில் டிஸ்க் எங்கே பொருந்தியிருக்கிறது என்று தெரியும். இதில் ஆபத்து என்னவென்றால், இந்த நேரத்தில் போனிலிருந்து படங்கள் தானாக ஏறினால் அவை எல்லாம் சர்வரின் சின்ன உள்டிஸ்க்கில் போய் விழும், அது நிரம்பி சர்வரே நின்றுவிடும், அப்புறம் வெளி டிஸ்க் சரியாக ஏறியதும் அந்தப் புதுப் படங்கள் அதற்கடியில் மறைந்துபோகும்.

இதைத் தடுக்க இரண்டு வேலை செய்யுங்கள். எந்த டிஸ்க் எந்த ஃபோல்டரில் ஏற வேண்டும் என்று எழுதிவைக்கும் எஃப்எஸ்டேப் ஃபைலில் டிஸ்க்கை எஸ்டிஏ, எஸ்டிபி என்ற பெயரால் எழுதாதீர்கள், ரீஸ்டார்ட் ஆகும்போது அந்தப் பெயர்கள் இடம் மாறும். ஒவ்வொரு டிஸ்க்குக்கும் தனியாக உள்ள அடையாளமான யூயுஐடி எண்ணால் எழுதுங்கள், நோஃபெயில் என்ற சொல்லையும் சேருங்கள், அது இல்லாவிட்டால் டிஸ்க் இல்லாத நாளில் சர்வர் பூட் ஆகாமல் எமர்ஜென்சி மோடில் போய் நிற்கும், திரையும் கீபோர்டும் இல்லாத சர்வரில் அது பெரிய தொல்லை. இரண்டாவது, டிஸ்க்கை ஏற்றும் ஃபோல்டரையே ஷேர் ஆக்காதீர்கள், டிஸ்க்குக்கு உள்ளே ஒரு ஃபோல்டர் உருவாக்கி அதை ஷேர் ஆக்குங்கள். டிஸ்க் ஏறாத நாளில் அந்த உள் ஃபோல்டர் இருக்காது, ஷேர் பிழையோடு மறுக்கும், யாரும் தவறான இடத்தில் எழுத முடியாது. சின்ன ஏற்பாடுதான், ஆனால் இதை யாராவது புதியவர் செய்துவைத்திருப்பதைப் பார்த்தால் எனக்கு அவ்வளவு சந்தோஷம்.

விண்டோஸில் பயன்படுத்திய என்டிஎஃப்எஸ் டிஸ்க்கை அப்படியே மாட்டியிருக்கிறீர்களா? விண்டோஸின் ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப் காரணமாக அது முழுதாக மூடப்படாமல் பாதி உறக்கத்தில் இருக்கலாம், லினக்ஸ் அதை ஏற்க மறுக்கும், அல்லது படிக்க மட்டும் ஏற்றும். அதைத் திரும்ப விண்டோஸில் மாட்டி, ஃபாஸ்ட் ஸ்டார்ட்அப்பை அணைத்துவிட்டு முழுதாக ஷட்டவுன் செய்து எடுத்து வாருங்கள். நிரந்தரமாக சர்வரில் இருக்கப்போகிற டிஸ்க் என்றால், சரக்கை வேறிடத்தில் நகலெடுத்துவிட்டு அதை லினக்ஸின் சொந்த வடிவமான எக்ஸ்ட்4-ஆக ஃபார்மட் செய்வதே நல்லது, மேலே சொன்ன குரூப் அனுமதியெல்லாம் அதில்தான் ஒழுங்காக நிற்கும்.

டிஸ்க் நடுநடுவே காணாமல் போய்த் திரும்ப வந்தால் கரண்டைச் சந்தேகியுங்கள். லேப்டாப்புக்குப் பதில் ராஸ்பெரி பை 4 என்ற குட்டிக் கம்ப்யூட்டரை சர்வராக வைத்திருந்தால், அதில் எல்லா யூஎஸ்பி போர்ட்டும் சேர்ந்தே 1.2 ஆம்பியர்தான் கொடுக்கும், தனி கரண்ட் இல்லாத டிஸ்க் இரண்டை அதில் மாட்டினால் தாங்காது. தனி அடாப்டர் உள்ள யூஎஸ்பி ஹப் வாங்குங்கள். கேபிளையும் கரண்டையும் மாற்றியும் தொடர்ந்தால், டிஸ்க் தன் உடல்நிலையைத் தானே குறித்துவைக்கும் ஸ்மார்ட் விவரங்களைப் பாருங்கள். 5, 197 என்ற எண்ணுள்ள வரிகளில் கடைசியில் உள்ள மதிப்பு ஏறிக்கொண்டே போனால் டிஸ்க் சாகத் தொடங்கிவிட்டது, அன்றே நகலெடுங்கள். 199 மட்டும் ஏறினால் பெரும்பாலும் கேபிள்தான்.

வேகம், தமிழ்ப் பெயர்கள்

பெரிய ஃபைலை நகலெடுக்கும்போது வினாடிக்கு 11 எம்பியில் நின்றுவிட்டால் எங்கோ 100 எம்பிபிஎஸ் இணைப்பு இருக்கிறது. கிகாபிட் என்றால் 110 எம்பி வரை வரவேண்டும். கிகாபிட்டுக்குக் கேபிளின் நாலு ஜோடிக் கம்பியும் வேண்டும், ஒரு கம்பி அறுந்தாலும் சத்தமில்லாமல் 100-க்கு இறங்கிவிடலாம், எனவே முதலில் கேபிளை மாற்றிப் பாருங்கள். ஆயிரக்கணக்கான சின்னச் சின்ன ஃபைல்கள் மெதுவாகப் போவது இயல்பு, அதற்காக சாம்பாவின் வேகத்தைக் கூட்டும் வரிகள் என்று எங்கிருந்தோ எடுத்து ஒட்டாதீர்கள்.

தமிழில் ஃபைல் பெயர் வைப்பவர்களுக்கு ஒரு விஷயம். எக்ஸ்ட்4-இல் ஒரு பெயர் 255 பைட்டுக்கு மேல் போகக்கூடாது. தமிழில் ஒவ்வொரு எழுத்துக்குறியும் 3 பைட், புள்ளிக்கும் கால்வாங்கிக்கும் தனித்தனியாக 3 பைட். கல்யாணம் என்ற ஒரு சொல்லே 24 பைட். விண்டோஸில் ஜம்மென்று இருந்த நீளமான தமிழ்ப் பெயருள்ள ஃபைல் சர்வருக்கு மட்டும் போகாமல் பெயர் நீளம் என்று திரும்பி வந்தால் காரணம் இதுதான், பெயரைச் சுருக்குங்கள். சர்வரிலேயே உருவாக்கிய பெயரில் கேள்விக்குறியோ முக்காற்புள்ளியோ இருந்தால், விண்டோஸில் அந்த ஃபைல் புரியாத எழுத்துகளும் அலைக்குறியும் கொண்ட குட்டிப் பெயராகத் தெரியும், அது வைரஸ் இல்லை. ஷேரின் பெயரையும் சர்வரின் பெயரையும் மட்டும் ஆங்கிலச் சின்ன எழுத்தில், இடைவெளி இல்லாமல், 15 எழுத்துக்குள் வைத்துக்கொள்ளுங்கள்.

எல்லாம் ஓடிய பிறகு

வெளியூரிலிருந்தும் பார்க்க வேண்டும் என்று ரவுட்டரில் 445-ஐ இணையத்துக்குத் திறந்துவிடாதீர்கள். இந்தக் கட்டுரையில் எதை மறந்தாலும் இதை மறக்காதீர்கள், திறந்த சில நேரத்திலேயே யாரென்றே தெரியாத மெஷின்கள் தட்டிப் பார்க்கத் தொடங்கிவிடும். வயர்கார்டு மாதிரி ஒரு விபிஎன் வழியாக வீட்டுக்குள் வந்து, அப்புறம் ஷேரைத் திறங்கள். எஸ்எம்பி 1 மட்டுமே தெரிந்த பழைய டிவி இருந்தால், அதற்காக சாம்பாவைத் தளர்த்தாமல் மினிடிஎல்என்ஏ நிறுவி வீடியோக்களை அதன் வழியே கொடுங்கள். டிஸ்க்கில் இருப்பவற்றுக்கு இன்னொரு டிஸ்க்கில் நகல் வேண்டும், அந்த நகல் சர்வரோடு எப்போதும் மாட்டியிருக்கக் கூடாது.

கடைசியாக, வீட்டில் யாரும் சர்வரைப் பயன்படுத்தாத நேரம் பார்த்து, சர்வரையும் ரவுட்டரையும் முறையாக ஷட்டவுன் செய்து, இரண்டுக்கும் மெயின் சுவிட்சை அணைத்து, ஐந்து நிமிடம் கழித்து ஒன்றாகப் போடுங்கள். பழைய லேப்டாப்புகள் சிலவற்றில் பவர் பட்டனை அழுத்த வேண்டியிருக்கும், பயாஸில் கரண்ட் வந்ததும் தானாக ஆன் ஆகும் வசதி இருந்தால் போட்டுவிடுங்கள். அதற்கு மேல் எதையும் தொடாமல், ஒரு போனிலிருந்தும் ஒரு விண்டோஸ் மெஷினிலிருந்தும் ஷேரைத் திறந்து, ஒரு ஃபைலைப் போட்டு, இன்னொருவருடைய யூசரில் அதைத் திருத்திப் பாருங்கள். திருத்த முடிந்தால் சாம்பாவின் செட்டிங் ஃபைலையும் எஃப்எஸ்டேபையும் நகலெடுத்து, சர்வரில் இல்லாத ஓர் இடத்தில், தேதி போட்டு வையுங்கள்.